பாடசாலையை நிறுக்குங் கோல்

ஊரிலுள்ள பாடசாலைகளைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதார் எவருமிலர். இது நல்ல பாடசாலை, அது அத்துணை நல்லதன்று என்று தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் பஸ் தரிப்பிடத்திலும் நாள்தோறும் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. எதனைக் கொண்டு அவ்வாறு கூறுகின்றீர்கள் என்று வினவின், விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அங்கே இத்தனை பிள்ளைகள் ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்றனர். இங்கே இத்தனை பேர் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்பார்கள். பாடசாலை வாயிலிலே தொங்கும் பதாகையும் அதனையே சொல்லும். பதாகையிற் சில பிள்ளைகளின் முகங்கள் உள. அதில் இடம்பெறாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு யாது நேர்ந்தது என்பதை அப்பதாகை சொல்வதில்லை.

ஐந்தாந் தரத்தை முடித்த பிள்ளையை ஆறாந் தரத்துக்கு எங்கே சேர்க்கலாம் என்று ஆண்டுதோறும் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் நின்றவன் பல பாடசாலைகளையும் அறிவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவரும் விடையையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன். ஒரு பாடசாலையை, அஃது எத்தகைய பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டது, அவர்களை எவ்வாறாக்கி அனுப்பியது என்னும் இரண்டினையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும் என்பதே அவ்விடையின் சாரம்.

பரீட்சையில்லாத நான்கு ஆண்டுகள்

நமது நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. அவற்றுள் தேசிய பாடசாலைகள் எனப்படுவன கல்வியமைச்சின் நேரடி ஆளுகையில் உள்ளன. ஏனையவை, 1987 இல் நிறைவேறிய 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தவை. வேறொரு பாகுபாடும் உண்டு. உயர்தர வகுப்புகளில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு அமைபவை 1சி. பதினோராந் தரத்தோடு நிற்பவை வகை 2. ஐந்தாந் தரம் அல்லது எட்டாந் தரம் வரை உள்ளவை வகை 3. இக்குறியீடுகள் பாடசாலையில் எவ்வகுப்புகள் உள்ளன என்பதையே காட்டுவன. மக்களோ இவற்றைப் பாடசாலையின் உயர்வு தாழ்வைக் காட்டும் முத்திரையாகக் கொண்டுவிட்டனர். வகை 2 என்றால் இரண்டாந் தரமான பாடசாலை என்று பொருள்கொள்ளும் தந்தையரை யான் கண்டிருக்கின்றேன்.

ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களைக் கனிட்ட இடைநிலை என்பர். பத்து வயதை முடித்துப் புகும் பிள்ளை பதினான்கு வயதளவில் அதனைக் கடக்கின்றது. உடல் வளர்வதும் குரல் மாறுவதும் இப்பருவத்திலே. "எனக்குக் கணிதம் ஓடாது" என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்பெழுதிக்கொள்வதும் இப்பருவத்திலே. ஆரம்பப் பிரிவில் ஓர் ஆசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பித்தார். பிள்ளையின் முகவாட்டத்தையும் வீட்டு நிலையையும் அவர் அறிந்திருந்தார். ஆறாந் தரத்திலோ பாடவேளைதோறும் ஓர் ஆசிரியர் வந்து செல்கின்றார். பாடங்களை அறிந்தோர் பலராகவும், பிள்ளையை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இலராகவும் ஆகும் அபாயம் அங்கேதான் தோன்றுகின்றது.

இந்நான்கு ஆண்டுகளுக்கும் பொதுப் பரீட்சை இல்லை. ஐந்தாந் தரத்தில் ஒன்றும் பதினோராந் தரத்தில் ஒன்றுமாக நாடு முழுவதும் அறியும் பரீட்சைகள் உள. இடையிலே தவணைப் பரீட்சையும் பாடசாலை மட்டக் கணிப்பீடுமே உண்டு. அவற்றின் பெறுபேறு வாயிலிலே தொங்குவதில்லை. ஆதலால் ஊரின் கண்ணும் அங்கே செல்வதில்லை. ஆற்றலும் அனுபவமும் மிக்க ஆசிரியரைப் பதினோராந் தரத்துக்கு விட்டு, ஆறாந் தரத்துக்கு எஞ்சியவரை அனுப்புவது பல பாடசாலைகளின் எழுதாத நேரசூசி. ஆயினும் சாதாரண தரத்திலே கணிதத்தில் தவறிய பிள்ளை பதினோராந் தரத்திலா தவறியது? ஏழாந் தரத்திற் பின்னமும் எட்டாந் தரத்தில் அட்சரகணிதமும் விளங்காது விழித்தபோதே அது தவறிவிட்டது. பரீட்சை மண்டபம் அதனை ஊருக்கு அறிவித்த இடமேயாகும். ஒரு பாடசாலையின் உண்மை நிலையைக் காண விரும்புவோர் இந்த நான்கு ஆண்டுகளையே முதலிற் காணல் வேண்டும்.

பெறுபேறு சொல்வதும் சொல்லாததும்

பெறுபேறு பொய் சொல்வதில்லை. ஆயினும் நாம் கேட்க எண்ணிய வினாவுக்கு அது விடை சொல்வதுமில்லை. இரண்டு பாடசாலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று, புலமைப்பரிசிற் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற 100 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஆறாந் தரத்திற் சேர்க்கின்றது. ஆறாண்டுகளின் பின் அவர்களுள் 95 பேர் சாதாரண தரத்திற் சித்தியடைகின்றனர். மற்றையது, வாயிலுக்கு வந்த 40 பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்கின்றது. அவர்களுள் 15 பேர் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அறியாதவர். ஆறாண்டுகளின் பின் 30 பேர் சித்தியடைகின்றனர். நூற்றுக்கு 95 எங்கே, நூற்றுக்கு 75 எங்கே என்று ஊர் சொல்லும். ஆனால் முதலாவது பாடசாலை, கற்றுவந்த நூற்றுவருள் ஐவரை இடைவழியில் இழந்தது. இரண்டாவதோ, வாசிக்க அறியாது வந்த பதினைவருட் குறைந்தது ஐவரைக் கரையேற்றியது. கமக்காரன் இத்தகைய கணக்கில் ஏமாறான். நல்ல செம்மண்ணில் விளைந்த பத்து மூடையையும் உவர்த் தரையில் விளைந்த எட்டு மூடையையும் அருகருகே வைத்து, முன்னதை விளைத்தவனே கெட்டிக்காரன் என்று அவன் சொல்லமாட்டான்.

புலமைப்பரிசிற் பரீட்சையின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1931 முதல் 1947 வரை கல்வியமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1945 இல் இலவசக் கல்வியை நாட்டுக்கு அளித்தார். அதே தசாப்தத்தில் நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகள் எழுந்தன. கிராமத்து ஏழைப் பிள்ளையும் அங்கே தங்கிக் கற்கவேண்டும் என்பதற்காகவே ஐந்தாந் தரத்திற் பரீட்சை வைத்து உதவி வழங்கினர். கிராமத்துக்கு நல்ல பாடசாலையைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். இன்றோ அப்பரீட்சை, வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் வழங்குவதோடு, கிராமத்துப் பாடசாலையிலுள்ள நல்ல மாணாக்கனைப் பெயர்பெற்ற பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் வாயிலாகவும் அமைந்துவிட்டது.

இதனால் வரும் கேட்டை நமது பழைய இலக்கணகாரர் வாக்கைக் கொண்டே விளக்கலாம். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்போடு ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கர் இயல்பு, கற்கும் முறை என்பவற்றையும் கூறுகின்றது. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்பவன் அறிவிற் காற்பங்கையே பெறுவான் என்பதும், உடன் கற்பாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வரும் என்பதும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பதும் அதன் கருத்து. இக்கணக்கின்படி, நன்கு கற்கும் பத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பை விட்டு நீங்கினால், எஞ்சிய பிள்ளைகள் உடன் கற்பாரால் வரும் காற்பங்கை இழக்கின்றனர். நீங்கியவர்களும், தம்மினும் மெலியார்க்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பிலே வரும் பங்கிற் பெரும்பகுதியை இழக்கின்றனர். ஒரே பாடசாலைக்குள் புள்ளி வரிசைப்படி ஏ, பி, சி எனப் பிரித்து வகுப்பு அமைப்போரும் இக்கணக்கை மறந்தவரே.

பெறுபேற்றுக்குப் பணம்

பெறுபேற்றை மாத்திரம் கோலாகக் கொண்டால் என்ன நிகழும் என்பதனை வரலாறு ஒருமுறை காட்டியுள்ளது. இங்கிலாந்தில் 1862 இல் ஒரு விதிக்கோவை வகுத்தனர். வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் பிள்ளை பரிசோதகர் முன்னிலையிற் சித்தியடைந்தாற் பாடசாலைக்கு இவ்வளவு நன்கொடை. தவறினால் அவ்வளவும் குறையும். இலங்கையிலும் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கு இம்முறை வந்தது. விளைவு யாது? கற்பித்தல் சுருங்கி மனனம் பெருகிற்று. பரிசோதகர் கேட்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் முழுவதும் மனனஞ் செய்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையின்றி வாசித்த பிள்ளைகளைப் பற்றிய கதைகள் இங்கிலாந்திலே வழங்கின. ஆங்கிலப் புலவராகிய மத்தியூ ஆர்னல்ட் தாமே பாடசாலைப் பரிசோதகராக விளங்கியவர். அவர் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். 1890களில் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. சட்டத்தால் நீங்கிய அம்முறை நம்மவர் மனத்தை விட்டு இன்னும் நீங்கவில்லை. அன்று அரசாங்கம் பணம் கொடுத்தது; இன்று ஊர் புகழைக் கொடுக்கின்றது.

நான்கு தீய உவமைகள்

நன்னூலார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை கூறினார். ஆசிரியராகத் தகாதாருக்கும் நான்கு கூறினார். பின்னைய நான்கையும் பாடசாலைகளுக்கே பொருத்திப் பார்க்கலாம்.

கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிரப்பிய குடம். இட்ட ஒழுங்கிலே காய் வெளிவராது. கலைத்திட்டத்தை எவ்வாறேனும் முடித்துவிட வேண்டும் என்று முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் கொட்டும் பாடசாலை அது. மடற்பனையில் ஏறிப் பழம் பறித்தல் அரிது. தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வினவினாற் சினந்து, தமக்கு மனம் வந்தபோது மாத்திரம் கற்பிக்கும் இடம் அத்தகையது. பருத்திக் குண்டிகை பஞ்சடைத்த ஒடுங்கிய வாய்ப் பாத்திரம். அடைப்பதும் எடுப்பதும் வருத்தமே. குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதுவித்து, எழுதியதை மீளக் கொட்டுவிப்பதே கல்வி என்று எண்ணும் வகுப்பு அது.

நான்காவதாகிய முடத்தெங்கே இக்காலத்துக்கு மிகப் பொருந்துவது. ஒருவன் வளவிலே நட்டு நீர் வார்க்க, வளைந்து சென்று அயலான் வளவிலே காய் வீழ்த்தும் தென்னை அது. காலையிற் பாடசாலை வகுப்பிலே சோர்ந்திருந்து, மாலையிற் கட்டண வகுப்பிலே உற்சாகத்தோடு கற்பிக்கும் ஆசிரியரை எவ்வாறு அழைப்போம்? நீர் வார்ப்பது பொதுமக்கள் பணம். காய் விழுவது தனியார் கல்வி நிலையத்து வளவில். ஒரு பாடசாலையின் ஏழாந் தரத்துப் பிள்ளைகள் எல்லாரும் எல்லாப் பாடங்களுக்கும் கட்டண வகுப்பை நாடுகின்றனர் எனின், அப்பாடசாலையின் பெறுபேற்றில் எவ்வளவு அதற்கு உரியது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஈண்டு எல்லா ஆசிரியரையும் குறை கூறினேனல்லேன். கட்டணமின்றி மாலையிலும் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர் பலரை யான் அறிவேன். அவர்கள் பெயர் பதாகையில் வருவதில்லை.

வாசிக்க அறியாத பிள்ளை

இனி இவ்விடயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சு மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ ஈராண்டு கழிந்தது. அவ்வாண்டிலே முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளை 2025 இல் ஆறாந் தரத்துக்கு வந்தது. அது இழந்த காலம் எழுத்தறியும் காலம். கையடக்கத் தொலைபேசியும் அதனைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கப் படித்த தாயும் உள்ள வீடுகள் ஒருவாறு சமாளித்தன. கூலி வேலைக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகள் அகரவரிசையின் நடுவிலேயே நின்றுவிட்டனர். வகுப்பேற்றம் தடையின்றி நிகழ்வதால் அவர்களும் ஆண்டுக்கொரு தரமாக ஏறி இடைநிலைக்கு வந்துவிட்டனர். தொற்றுக்கு முன்னும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். பின்னர் தொகை பெருகிற்று.

ஒரு பாடசாலையில் ஆறாந் தரத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்க்க நேர்ந்தது. ஒரு சிறுவனுடைய கொப்பி மிக அழகானது. முத்துப்போன்ற எழுத்து, கோடு பிசகவில்லை. எல்லாப் பக்கங்களிலும் சிவப்பு மையினால் ஆசிரியரின் கையொப்பம். "இதிலே ஒரு வரியை வாசி, தம்பி" என்றேன். அவன் தலைகுனிந்து நின்றான். அருகிலிருந்த பிள்ளை, "ஐயா, அவனுக்கு வாசிக்க ஏலாது. பார்த்துத்தான் எழுதுவான்" என்றது. அவன் எழுதவில்லை; கோலம் வரைவதுபோல எழுத்துகளை வரைந்திருந்தான். கையொப்பமிட்ட எவரும் அவனை ஒரு சொல்லேனும் வாசிக்கச் சொல்லவில்லை. அப்பாடசாலையின் வாயிலிலே மூன்று பதாகைகள் தொங்கின.

மற்றொரு பாடசாலையை அறிவேன். வகை 2 ஐச் சேர்ந்த சிறிய பாடசாலை. சுவருக்கு வர்ணம் பூசிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அங்கே ஆண்டின் முதல் வாரத்திலே தமிழாசிரியை ஆறாந் தரத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் செய்தார். மற்றப் பிள்ளைகள் கேட்டு நகையாதபடி மரநிழலில் வைத்தே வாசிப்பித்தார். வாசிக்க இயலாதார் பெயரை அதிபரிடம் கொடுத்தார். அதிபர் நேரசூசியை மாற்றினார். நாள்தோறும் முதற் பாடவேளையில் அப்பிள்ளைகளுக்கு எழுத்திலிருந்து தொடங்கிச் சொல், சொற்றொடர், சிறு கதை எனப் படிமுறையாக வாசிப்புக் கற்பிக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பிள்ளைகளுக்குப் பாலபாடங்களை எழுதியபோது கொண்ட முறையும் இப்படிமுறையே. பத்தாந் தரத்துப் பெண்பிள்ளைகள் இடைவேளையில் ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டனர். ஆண்டிறுதியில் அவர்களுட் பெரும்பாலோர் தடக்கித் தடக்கியேனும் வாசித்தனர். இச்செய்தி எந்தப் பதாகையிலும் இடம்பெறவில்லை. ஆறாந் தரத்தில் வாசிக்க அறியாது வந்தோர் இத்தனை பேர், ஒன்பதாந் தரத்தில் அத்தகையோர் எவருமிலர் என்று ஒரு பாடசாலை எழுதித் தொங்கவிடுமாயின், அதுவே யான் கைகூப்பி நின்று வாசிக்கும் பதாகை.

சென்று காணத்தக்கவை

பெற்றோர்க்கு இவற்றையெல்லாம் அறிய வழி யாது எனின், வழி உண்டு. பரிசளிப்பு விழா நாளிலே போகாது, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலைக்குச் செல்லுங்கள்.

ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்பிலே என்ன நிகழ்கின்றது என்று முதலிற் பாருங்கள். எந்தப் பாடசாலையிலும் ஆசிரியர் சிலர் விடுமுறையில் இருப்பர், அது குற்றமாகாது. அவ்வேளைக்கு வேறொருவர் வந்தாரா, பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய வேலை கொடுக்கப்பட்டதா, அன்றேற் கூச்சலிடவும் ஒருவரையொருவர் அடிக்கவும் விடப்பட்டனரா என்பதிலே நிருவாகத்தின் முகம் தெரியும்.

அடுத்து, அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். கையொப்பத்தை எண்ணாதீர்கள். பிழை சுட்டப்பட்டிருக்கின்றதா, சுட்டிய பிழை திருத்தி எழுதப்பட்டிருக்கின்றதா என்று நோக்குங்கள். எல்லாக் கொப்பிகளிலும் ஒரே வாக்கியங்கள் இருந்தால், அங்கே பிள்ளைகள் எழுதவில்லை, கரும்பலகையே எழுதியது.

இடாப்பைப் பெற்றோருக்குக் காட்டமாட்டார்கள். ஆயினும் பிள்ளை மூன்று நாள் வராவிடில் எவரேனும் தேடுகின்றனரா என்று ஊரிலே விசாரிக்கலாம். 2016 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி நம் நாட்டின் விதி. 1980 முதற் பாடநூலும் 1993 முதற் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கத் தொடங்கினர். இருந்தும் எட்டாந் தரத்திலும் ஒன்பதாந் தரத்திலும் பிள்ளைகள் ஓசையின்றி மறைகின்றனர். தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீட்டில் மூத்த பெண்பிள்ளை தம்பியைப் பார்க்க நின்றுவிடும். மீன்பிடிக் கிராமத்திற் பையன் வள்ளத்திற் போய்விடுவான். வகுப்பாசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவ்வீட்டுப் படலையைத் தட்டுகின்ற பாடசாலை சிறந்த பாடசாலை. மெலிந்த பிள்ளை நின்றுவிட்டதாற் சித்தி வீதம் உயரும் என்று உள்ளூர மகிழும் பாடசாலையும் உண்டு, அதிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

நூலகத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று கேளுங்கள். திறப்பைத் தேடவேண்டி நேர்ந்தாற் புத்தகங்கள் எத்தனை என்று கேட்க வேண்டியதில்லை. மலசலகூடத்தையும் பாருங்கள். இதனை எழுத வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பெண்பிள்ளை பருவமெய்தும் வயது இதுவே. தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத காரணத்தால் மாதந்தோறும் மூன்று நாள் அப்பிள்ளை வீட்டில் நின்றால், பத்து மாதத்தில் முப்பது நாட்பாடம் போய்விடும். ஒரு வாளியும் தாழ்ப்பாளும் வாங்க இயலாத பாடசாலை, பெருந்தொகை செலவிட்டு வாயில் வளைவு கட்டுமாயின், அங்கே எது முதன்மை என்பது வெளிப்படை.

கடைசியாக, கடைசி வாங்கைப் பாருங்கள். ஆசிரியர் கரும்பலகையை விட்டு அங்கே நடந்து செல்கின்றாரா? அங்கே இருக்கும் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா? அப்பிள்ளை வாய் திறந்து ஒரு வினாவேனும் கேட்கின்றதா? பிறர்க்கு உரைப்பதனாலேயே அறிவு நிரம்பும் என்று முன்னோர் கண்டனர். பிள்ளைகள் பேசாத வகுப்பு எவ்வளவு ஒழுங்காக இருப்பினும், அங்கே காற்பங்குக் கல்வியே நடக்கின்றது.

கோலின் மற்றைத் தட்டு

நிறைகோல் இருபக்கமும் பார்த்தல் வேண்டும். கல்வியமைச்சு பாடசாலைகளை மதிப்பிடுவதற்கு வகுத்த முறையிலும் மாணவர் அடைவு ஒரு துறையே. கற்றல் கற்பித்தல், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவம், சமூகத் தொடர்பு என்பனவும் அதில் உள. அவ்வளவையும் செய்தற்குரிய ஆளும் பொருளும் பாடசாலைக்குக் கொடுக்கப்பட்டனவா என்பதனையும் கேட்டல் நீதி. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பாடசாலையை, இப்பாடங்களிற் பெறுபேறு இல்லை என்று இகழ்வது, நீர் பாய்ச்சாத வயலை இகழ்வதாகும். மலையகத்திலே தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாந் தரத்தோடு வகுப்பு முடிகின்றது. அங்கே ஆறாந் தரத்துக்குப் பாடசாலையைத் தெரிவுசெய்வது பஸ் போகும் பாதையேயன்றிப் பெற்றோரல்லர். அத்தகைய பெற்றோரிடம் தரத்தைப் பார்த்துச் சேருங்கள் என்று சொல்வது பொருளற்றது. அவர்களுக்கு எட்டும் பாடசாலையைத் தரமாக்குவதே அரசாங்கத்தின் கடன்.

அதே வேளையில், வசதியின்மை எல்லாவற்றுக்கும் காரணமாகாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து சென்றபோது, தென்மராட்சியிலே கொட்டில்களிலும் மரங்களின் கீழும் பாடசாலைகள் நடந்தன. கட்டடமில்லை, மேசையில்லை, வெண்கட்டிக்கும் பஞ்சம். ஆயினும் ஆசிரியர் வந்தனர், பிள்ளைகள் கற்றனர். பாடசாலை எதனால் ஆனது என்று எவரேனும் கேட்டால், அக்கொட்டில்களே போதிய விடை.

பெறுபேறு வேண்டா என்பது என் கருத்தன்று. நிலமும் பணமும் இல்லாத வீட்டுக்குப் பிள்ளையின் சான்றிதழே முதுசொம். அதனை இழிவாகப் பேசும் உரிமை வயிறு நிறைந்தவருக்கும் இல்லை. ஆனால் அச்சான்றிதழ் பதினோராந் தரத்தில் மந்திரத்தால் வருவதன்று. ஆறாந் தரத்தில் வாசிப்பித்த ஆசிரியையும், ஏழாந் தரத்திற் பின்னத்தை ஐந்து முறை சலியாது விளக்கிய ஆசிரியரும், எட்டாந் தரத்தில் நின்றுவிட்ட பிள்ளையைத் தேடிப் போனவரும் சேர்ந்து எழுதிய எழுத்தே அது.

அயலிலுள்ள பாடசாலை குறையுடையதாக இருந்தாற் பெற்றோர் உடனே பிள்ளையைக் கொண்டு ஓட வேண்டா. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்களுக்கும் இடமுண்டு. கூட்டத்துக்குச் சென்று, எத்தனை பிள்ளைகள் வாசிக்க அறியாது உள்ளனர், அவர்களுக்கு என்ன செய்கின்றீர்கள் என்று அதிபரைப் பணிவாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது தொந்தரவு. இருபதின்மர் கேட்டால் அது திட்டமாகும். பழைய மாணவர் சங்கத்தாரும் வளைவுக்கும் விருந்துக்கும் தரும் பணத்தில் ஒரு பங்கை வாசிப்புப் புத்தகத்துக்குத் தரலாம். கேட்டும் முயன்றும் பயனின்றேல், பிள்ளையின் நலத்தைக் கருதி வேறிடம் நாடுவது குற்றமன்று.

அதிபர் உங்களுடைய வினாவைக் கேட்டுச் சினந்தால் ஒன்று தெரியும். நாணி, "உண்மைதான், பதினொரு பிள்ளைகள் உளர், இன்னின்னது செய்கின்றோம்" என்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்வாராயின் வேறொன்று தெரியும். அப்பெயர்களை அறிந்த அதிபர் இருக்கும் பாடசாலை எந்த வகையைச் சேர்ந்ததாயினும், அதன் சுவரில் வர்ணம் இல்லாவிடினும், அங்கே உங்கள் பிள்ளையை நம்பி விடலாம்.